மலை ராஜாவுக்கு ரிவர்ஸ் எங்கே?

மலேசியாவுக்குப் போகிறவர்கள் இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் போனது ஒரு லாரிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதற்காக.

இதை வெளியே சொல்லக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "என் தம்பியைப் பார்க்கப் போறேன்னு சொல்லுங்க. நாமக்கல்லுல இருந்து லாரி பார்க்க ஃபிளைட் ஏறுறேன்னு சொன்னா, வழியனுப்ப வர்றவங்க அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் கால் தடுக்கினால் லாரி டயர் மேல்தான் விழ வேண்டும். எனக்கே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. டிப்பர், கோழி வண்டி, நாட்டின் எந்த மூலைக்கும் போய்த் துளை போடும் போர்வெல் வண்டி என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் என் மனசு, ஒருநாள் போனில் பார்த்த ஒரு வண்டியின் பின்னால் போய்விட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் போட்டுவிட்டுப் போன சேஸிஸ். அதன் மேல் மரப்பலகையில் கட்டிய கேபின். கதவு கிடையாது. ஆறு சக்கரமும் இழுக்கும். மலேசியக் காடுகளிலிருந்து மரம் இறக்க அங்குள்ள சீனப் பட்டறைக்காரர்கள் உருவாக்கியது. பெயர் சான் தாய் வோங். மலை ராஜா என்று அர்த்தமாம்.

ஓர் உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் லாரி கட்டுகிறவன், ஓட்டுகிறவன் அல்ல. என் வாழ்க்கையில் லாரி ஓட்டிய தூரம் பட்டறை வாசலிலிருந்து பெயின்ட் ஷெட் வரைக்கும்தான். அதிலும் ஒருமுறை பெயின்ட் ஷெட் கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

முதல் நாள், கோலாலம்பூரில் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ். மச்சினன் முருகேசனுக்கு வேலை இருந்ததால், "சாப்பிட்டுட்டு கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்கு வந்துருங்க மச்சான்" என்று போனில் சொல்லிவிட்டான். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். பரிமாறிய அக்காவிடம் மீன் குழம்பையும் கோழிக் குழம்பையும் கலந்து ஊற்றலாமா என்று கேட்டேன். ஊரில் கேட்டிருந்தால் குலத்தையே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

"கேன் தான் அண்ணே, யாரு கேக்கப்போறா?" என்றார்.

கை கழுவ எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "ஸ்ட்ரெயிட் தான்." காரம் அதிகமோ என்றேன். "நார்மல் தான் லா!"

ஆங்கிலச் சொல் ஒன்று, அதன் வாலில் ஒரு 'தான்'. மலேசியத் தமிழின் இலக்கணம் முழுவதும் ஒரு சாப்பாட்டுக்குள் எனக்கு விளங்கிவிட்டது. இலை மடிக்கும்போது நானே "ஃபுல் தான் அக்கா" என்றேன். அவர் சிரித்தார். என் புலமையை மெச்சிச் சிரித்ததாக எடுத்துக்கொண்டேன். இந்தத் திமிர் எனக்கு என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ரயிலில் ஏறியதும் உட்கார நல்ல இடம் கிடைத்தது. சுற்றிலும் பெண்களாக இருந்தார்கள். மலேசியாவில் பெண்கள் எவ்வளவு முன்னேறிவிட்டார்கள் என்று வியந்துகொண்டிருந்தபோது, எதிரே இருந்த மலாய் அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். நெற்றியில் சந்தனம் வைத்திருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"'மீசை வச்ச இந்த லேடி எங்க இறங்கணும்னு கேளு'ன்னு சொல்றாங்க அங்கிள். இது பொம்பளைங்க கோச்."

அடுத்த நிலையத்தில் இறங்கிய வேகத்தில், பெட்டி மாற மறந்து ரயிலையே விட்டுவிட்டேன்.

மறுநாள் போர்ட் கிள்ளானில் முருகேசன் வேலை செய்யும் யார்டுக்குப் போனேன். முருகேசன் வேலை பர்மிட்டில் வந்த மெக்கானிக். கன்டெய்னர் ஏற்றிப் போகிற லாரி எங்காவது நின்றுவிட்டால், கம்பெனி கொடுத்த பிக்கப்பில் கருவிகளை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் அவன் வேலை. பிக்கப் என்றால் சும்மா இல்லை. உயரமான டயர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, பின்னால் இழுத்துக்கட்டக் கொக்கி. அதைத் தினமும் அவன் துடைக்கிற அழகைப் பார்த்தால் தன் மேல் என் அக்கறை எவ்வளவு குறைவு என்று என் மனைவி புரிந்துகொள்வாள்.

"இது கம்பெனியுது மச்சான். இன்னும் கொஞ்ச காலம் இருந்தா ஊர்ல சொந்தமா ஒரு பத்துச் சக்கரம் வாங்கிருவேன். நீங்கதான் பாடி கட்டணும். முன்னாடி பாப்பா பேரு எழுதணும்" என்றான். அவனுடைய கனவு வண்டி அது.

யார்டின் மேலாளர் சாந்தி அக்கா கிள்ளான்காரர். கையில் வாக்கி டாக்கி, காலில் பூட்ஸ், குரலுக்கு மைக் தேவையில்லை. நான் பாடி கட்டுகிறவன் என்று பெருமையடித்ததைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு முருகேசனிடம் திரும்பினார்.

"விருந்தாளி வந்துருக்காருன்னு பிக்கப்ப எடுத்துக்கிட்டு ஊர் சுத்தாதே முருகேசா. போன தடவை ஒருத்தன் சுத்துனான். பர்மிட்ட கேன்சல் பண்ணி நேரா ஏர்போர்ட் தான். சொல்லிட்டேன்."

"இல்ல அக்கா, சத்தியமா இல்ல."

சத்தியம் அவன் செய்தது. உடைத்தது நான். அன்று சாயங்காலம் முழுக்க நச்சரித்தேன். ரவாங் பக்கம் மலையடியில் ஒரு சான் தாய் வோங் இன்னும் ஓடுகிறது, அதன் சொந்தக்காரர் ஜோசப்பை முருகேசனுக்கு உதிரிபாகக் கடையில் பழக்கம். அந்தப் பாதைக்கு டாக்ஸி வராது. "இதுக்காகத்தானடா கடல் தாண்டி வந்தேன்" என்று நான் கண்ணைக் கசக்கினேன். அக்கா புருஷன் கண்ணைக் கசக்கினால் எந்த மச்சினன்தான் தாங்குவான்?

ஞாயிற்றுக்கிழமை காலை பிக்கப்பில் கிளம்பினோம். வழியில் போகிற ஒவ்வொரு வண்டியிலும் சாந்தி அக்கா உட்கார்ந்திருப்பதுபோலவே முருகேசனுக்குத் தெரிந்தது.

ஜோசப் அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். ரயில்வேக்காரக் குடும்பம். தகரக் கொட்டகைக்குள் சேசு படம் ஒன்று, அதன் கீழே என் மலை ராஜா. பச்சைப் பெயின்ட் உரிந்து, அதன் கீழே இன்னொரு பச்சை உரிந்து நின்றது. நான் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு அடியில் புகுந்து படுத்துவிட்டேன். ஆக்ஸில் ஒவ்வொன்றும் என் இடுப்பு கனம். எதைத் தொட்டாலும் கிரீஸ். வெளியே ஜோசப் அண்ணன் முருகேசனிடம் கேட்பது காதில் விழுந்தது.

"இவரு ஓகே தானே? மயக்கம் கியக்கம் இல்லையே?"

இப்போது மரம் இறக்கும் வேலை இல்லை. மேட்டுத் தோட்டங்களிலிருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை இறக்குகிறார். மழைக்காலத்தில் சேற்றில் மாட்டும் வண்டிகளை இழுக்கிறார். கேபிளைச் சுருட்டி இழுக்கும் வின்ச் வேலை செய்யவில்லை, பார்ட்ஸ் கிடைக்கவில்லை. இரும்புக் கேபிளை முன்பம்பரில் கட்டி லாரியே இழுக்க வேண்டியதுதான். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவரிடம், "உங்க கனவு வண்டி எது அண்ணே? இதுதானே?" என்று கேட்டேன்.

"இதுவா? இதுல உக்காந்து என் முதுகெலும்பு கழண்டுபோச்சு பாஸ். ஏர்கான் வச்ச சின்ன வேன். ஆட்டோ கியர். அதுதான் என் கனவு." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க லோரி ஓட்டுவீங்களா?"

"நாமக்கல்காரன்கிட்ட கேக்குற கேள்வியா அண்ணே இது?"

முருகேசனுக்குப் புரையேறியது. சம்பல் காரம் என்று சமாளித்தான்.

மதியம் மழை பிடித்தது. எங்கள் ஊரில் மழை வரும் முன் நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் வரும். அங்கே வானம் அப்படியே கவிழ்ந்து கொட்டியது. விட்டதும் கிளம்பினோம். கொட்டகையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாதையின் ஓரமாகப் பழைய ஈயச் சுரங்கம். தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாகிவிட்டது. பச்சையாக, அசையாமல், பார்க்க அழகாகத்தான் இருந்தது. காலையில் ஆழம் எவ்வளவு என்று கேட்டதற்கு ஜோசப் அண்ணன் உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

குளத்தை ஒட்டிய வளைவில் செம்மண் வெண்ணெயாகிவிட்டிருந்தது. பிக்கப் திரும்பவில்லை. முருகேசன் ஸ்டீயரிங்கை ஒடித்தான், வண்டி தன் போக்கில் சரிவில் இறங்கியது. நான் என் குலதெய்வத்தை அழைக்க ஆரம்பித்து, பதற்றத்தில் என் மேஸ்திரி பெயரைச் சொல்லிவிட்டேன். மூக்கு குளத்தைப் பார்த்தபடி, ஒரு மரக்கட்டையில் முன்சக்கரம் முட்டி வண்டி நின்றது.

"மெதுவா இறங்குங்க மச்சான். ஜோசப் அண்ணனைக் கூப்புடுங்க."

"நீயும் இறங்குடா!"

"பிரேக்குல இருந்து காலை எடுத்தா வழுக்குது. இது தண்ணிக்குள்ள போச்சுன்னா என் பர்மிட்டும் தண்ணிக்குள்ளதான். போங்க!"

 நான் ஓடினேன். என் உடம்புக்கு ஓட்டம் என்பது பெரிய வார்த்தை, இருந்தாலும் ஓடினேன். ஒரு செருப்பு இன்னும் அந்தச் சேற்றில் இருக்கிறது.

நான் சொல்லி முடிப்பதற்குள் ஜோசப் அண்ணன் லாரியிடம் போய்விட்டார். ஏறி ஸ்டார்ட் செய்தார். மலை ராஜா ஒருமுறை செருமியது, இருமியது, பிறகு காடே அதிர உறுமியது. மச்சினன் குளத்து விளிம்பில் தொங்குகிறான், எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனந்தத்தால். அதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

லாரியின் முகம் பிக்கப்பின் முதுகைப் பார்க்கும்படி மேட்டில் நிறுத்திவிட்டு அவர் இறங்கினார். பிக்கப்பின் பின்கொக்கியில் கேபிளை மாட்ட வேண்டும். இழுக்க இழுக்க அது மறுபடி வழுக்காமல் சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். அது அவர் வேலை. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் முருகேசன். லாரிக்கு ஆள் வேண்டும். அங்கே மீதியிருந்த ஒரே ஆள் நாமக்கல்காரன்.

"ஏறுங்க பாஸ். நான் சொல்றத மட்டும் செய்யுங்க. சொந்தமா ஒண்ணும் யோசிக்காதீங்க."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஏறிவிட்டேன். எத்தனை நாள் ஏங்கிய இருக்கை! ஒரு பலகை, அதன் மேல் சாக்கு. கியர் கம்பியின் தலையில் பித்தளைக் கதவுக் குமிழ் ஒன்றைத் திருகியிருந்தார்கள். கிளட்ச்சை மிதித்தேன், அது திரும்ப என்னை மிதித்தது.

கேபிள் கொக்கிக்கு எட்டவில்லை. "முன்னாடி சிக்கிட்!" என்றார் ஜோசப் அண்ணன். கொஞ்சம் என்று விரலாலும் காட்டினார். முதல் கியரில் ஒரு முழம் முன்னே விட்டு நிறுத்தினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் குனிந்து கேபிளை மாட்டினார். பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டையைத் தள்ளினார். ஓரமாக நகர்ந்து கையைத் தூக்கினார். கத்தினார்.

"கோஸ்தான்! கோஸ்தான்!"

என் இலக்கணம் விழித்துக்கொண்டது. ஆங்கிலச் சொல் ஒன்று, வாலில் ஒரு 'தான்'. கோ தான். போ, போயேன், போனால்தான் என்ன என்கிறார்.

இழுக்க வேண்டிய வண்டி எதற்கு முன்னால் போகிறது என்று அறிவு மெல்லக் கேட்டது. யோசிக்காதீங்க என்று அவர் சொன்னது உடனே நினைவுக்கு வந்தது. நான் சொல் பேச்சுக் கேட்கிறவன். முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டேன்.

மலை ராஜா பாய்ந்தது. அந்த இரும்பு பம்பர் பிக்கப்பின் பின்கதவில் 'டங்' என்று இறங்கியது. பிக்கப் கட்டையை ஏறித் தாண்டியது. முருகேசனின் தலை சீட்டுக்குக் கீழே போய் மேலே வந்தது. முன்சக்கரம் இரண்டும் தண்ணீருக்குள். "அம்மா!" என்று அவன் அலறினான். "கோஸ்தான்! கோஸ்தான் லா! ஐயோ கோஸ்தான்!" என்று ஜோசப் அண்ணன் குதித்தார். இவ்வளவு கெஞ்சுகிறாரே என்று இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை மிதிக்கப் போனேன். அதற்குள் என் கால் நடுங்கியதில் இஞ்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது.

என் ஓட்டும் அழகுதான் எங்களைக் காப்பாற்றியது. லாரி கியரிலேயே நின்றது, கேபிள் பிக்கப்பைப் பிடித்துக்கொண்டது. பிக்கப்பின் முகப்பு விளக்குகளைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. கோதானம் கேள்விப்பட்டிருக்கிறேன். குளத்துக்குப் பிக்கப்தானம் செய்யப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஜோசப் அண்ணன் சேற்றில் ஏறி வந்து கேபினுக்குள் தலையை விட்டார். முகம் வெளுத்திருந்தது.

"யோவ், கோஸ்தான்னா பின்னாடி! ரிவர்ஸ்! உங்க ஊர்ல என்னாதான்யா சொல்வீங்க?"

"வரலாம் வரலாம்னு சொல்வோம் அண்ணே..."

"நான் கீழ நிக்குறேன். வரலாம்னா என் மேல வரலாமா?"

 கீழே பிக்கப்பிலிருந்து முருகேசனின் குரல் கேட்டது, அழுகை மாதிரி. "அண்ணே, அவருக்கு லாரி ஓட்டத் தெரியாதுண்ணே! பாடிதான் கட்டுவாரு!"

ஜோசப் அண்ணன் என்னைப் பார்த்தார். சேசுவிடம் ஏதோ முணுமுணுத்தார். "அப்ப நீங்க கீழ போய்க் கட்டை போடுறீங்களா? நான் ஓட்டுறேன்."

கீழே பார்த்தேன். வழுக்கும் சரிவு, கால் தவறினால் அந்தப் பச்சைத் தண்ணீர். எனக்கு நீச்சலும் தெரியாது. அதையும் மறைத்து வைத்திருந்தேன்.

"ரிவர்ஸ் எங்கண்ணே இருக்கு?"

அவர் என் கையைக் குமிழோடு சேர்த்துப் பிடித்தார். தன் பக்கம் இழுத்து, தூக்கி, பின்னால் தள்ளினார். உள்ளே எங்கோ எலும்பு உடைகிற சத்தம் வந்தது. "இதுதான். இதுல இருந்து கைய எடுக்காதே. 'பின்னாடி'ன்னு கத்துவேன். அந்த ஒரு வார்த்தை. புரியுதா தம்பி?"

பாஸ் பதவி போய்விட்டது.

"பின்னாடி!"

கிளட்ச்சை மயிரிழையாக விட்டேன். கேபிள் இழுபட்டுத் தந்திபோல் நின்றது. லாரி உறுமியது, நகரவில்லை. பின்சக்கரம் சுற்றிச் சேற்றைக் குளம் வரைக்கும் வீசியது. பிக்கப் அசைந்தது, மேலேயா கீழேயா என்று தெரியவில்லை. கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "பின்னாடி! பின்னாடி! விடாதே!" திடீரென்று ஆறு சக்கரமும் ஒன்றாக மண்ணைக் கவ்வின. அது என் இடுப்பில் தெரிந்தது. பாறை ஒன்று எழுந்து நடப்பதுபோல மலை ராஜா பின்னால் நடந்தது. பிக்கப் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே வந்தது, வீட்டுக்குப் பிடித்து இழுத்துவரும் குடிகாரன் மாதிரி.

பாதையில் ஏறியதும் முருகேசன் இறங்கினான். என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். பின்கதவுப் பக்கம் போய், அந்தப் பள்ளத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். என் தலை கொள்ளும் அளவுக்கு இருந்தது பள்ளம். திட்டியிருந்தால் தேவலை.

திங்கள் காலை அவனோடு நானும் யார்டுக்குப் போனேன். விடிவதற்குள் கழுவித் துடைத்துவிட்டிருந்தான். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் பள்ளம் தெரியாது, சாயங்காலத்துக்குள் வழி பார்க்கலாம் என்பது அவன் திட்டம். நிறுத்தினான். இறங்கினோம். சாந்தி அக்கா டீயோடு வந்தார். வண்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"என்னிக்குமே மூக்கைத்தானே சுவத்துல வைப்பே. இன்னிக்கு என்னா கோஸ்தான் பண்ணி நிறுத்தியிருக்கே?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கால் தானாகக் கிளட்ச்சைத் தேடியது.

"முன்னால எடு."

முருகேசன் எடுத்தான். அவர் பின்னால் போய்ப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். "யாரு?" என்றார், மெதுவாக. அந்தக் குரல் மெதுவாக வரும் என்பதே பயமாக இருந்தது. முருகேசன் இறங்கி வந்து பள்ளத்தைப் பார்த்தான். பத்துச் சக்கரம், முன்னால் பாப்பா பேர், எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் போவது எனக்குத் தெரிந்தது.

"நான்தாம்மா" என்றேன். "அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் அழுது கூட்டிட்டுப் போனேன். இடிச்சதும் நான். அவரு கோஸ்தான்னாரு. நான் கோ தான்னு நினைச்சேன்."

 பக்கத்து லாரியிலிருந்து ஒரு டிரைவர், "கோ... தான்?" என்று சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான், ஸ்டீயரிங்கில் தலையை வைத்துவிட்டார். யார்டு முழுக்கப் பரவியது. மலாய் டிரைவருக்கு ஒருவர் மொழிபெயர்த்தார், அவர் தரையில் உட்கார்ந்தார். சாந்தி அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. கப்பலைப் பின்னால் எடுக்க வெள்ளைக்காரன் சொன்ன 'கோ ஆஸ்டர்ன்' கரையேறி 'கோஸ்தான்' ஆன கதையை, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர்தான் சொன்னார்.

துடைத்து முடித்ததும் முகம் பழையபடி ஆனது.

"சிரிச்சேன், அதுக்காக விட்டுட்டேன்னு நினைக்காதே முருகேசா. இனிமே ஞாயித்துக்கிழமை சாவி என்கிட்ட இருக்கும். இன்னொரு தடவை, ஏர்போர்ட் தான்." என் பக்கம் திரும்பினார். "அங்கிள், பாடி கட்டுறேன்னு அன்னிக்குப் பெருமை அடிச்சீங்களே. அதாவது உண்மையா?"

"அது உண்மைம்மா."

"சுத்தியல் உள்ள இருக்கு. பள்ளம் இருந்த தடம் தெரியக் கூடாது."

மற்றவர்கள் கடைசி நாளில் சாக்லேட் வாங்கப் போவார்கள். நான் போர்ட் கிள்ளானில் ஒரு பின்கதவைக் கழற்றிப் போட்டு, உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தேன். முருகேசன் மறுபக்கம் தாங்கு இரும்பைப் பிடித்துக்கொண்டான். சுத்தியல் எங்கே விழ வேண்டும் என்று யாரும் கத்திச் சொல்லத் தேவையிருக்கவில்லை. போகிற வருகிற டிரைவர்கள் எல்லாம் கண்ணாடியை இறக்கி, "கோ தான் அங்கிள்!" என்று கூவிவிட்டுப் போனார்கள். மாலையில் பெயின்ட் காய்ந்தது. சாந்தி அக்கா கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினார்.  முருகேசனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"நீங்களே கோஸ்தான் பண்ணிச் சுவரோரமா நிறுத்துங்க அங்கிள்" என்றார்.

யார்டு வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். இந்த வண்டியில் ரிவர்ஸ் எங்கே என்று குமிழின் மேலேயே எழுதியிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் கடல் இருந்தது.

சாவியை முருகேசனிடம் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டேன்.